கொல்லையில் எலும்பு கிடைத்தால்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் வீட்டுக் கொல்லையைத் தோண்டுகிறவருக்கு எலும்பு கிடைப்பது அதிசயமன்று. இன்று தாமான் எனப்படும் வீடமைப்புக் குடியிருப்புகளின் வீடுகள் வரிசையாக நிற்கும் நிலத்தில் பெரும்பகுதி ஒரு காலத்தில் பால்மரக் (ரப்பர்) காடாகவும், அதன் நடுவே தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளாகவும், மாட்டுக் கொட்டகையாகவும், முனீஸ்வரர் கோயில் திடலாகவும் இருந்தது. செத்த நாயை வாழையடியில் புதைத்தார்கள். கிடா வெட்டிப் பூசை முடிந்தபின் எலும்பைக் குழியிலிட்டு மூடினார்கள். காட்டுப்பன்றி அடித்துப் பங்கு பிரித்த இடத்தில் மிச்சத்தை அப்படியே விட்டார்கள். முருங்கைக் கிளை ஊன்றக் குழி வெட்டும்போது அவற்றில் ஒன்று மேலே வருகிறது. பிள்ளைகள் டைனோசர் என்று குதிக்கிறார்கள், பெரியவர்கள் தூக்கி எறியச் சொல்கிறார்கள். இரண்டில் எதையும் செய்யாமல், கிடைத்தது என்ன என்பதை வரிசையாகப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கான முறையை, இதற்குமுன் ஓர் எலும்பைக்கூடக் கையில் எடுத்துப் பார்க்காதவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பித்த பழக்கத்தால் அக்கம்பக்கத்தார் கண்டெடுப்பதையெல்லாம் என்னிடம் காட்டுவதுண்டு. அநேகமாக எல்லாரும் எலும்பை நன்றாகக் கழுவித் துடைத்து, நெகிழிப் பையில் போட்டு எடுத்து வருகிறார்கள். எலும்பு வந்துவிடுகிறது, அது கிடந்த இடம் வருவதில்லை. எத்தனை அடி ஆழத்தில் இருந்தது, செம்மண்ணா மணலா, பக்கத்தில் ஓடோ கரியோ கண்ணாடியோ கிடந்ததா என்று கேட்டால் எவருக்கும் நினைவில்லை. எலும்பின் வயதைப் பற்றி எலும்பு சொல்வதைவிட அதைச் சுற்றியிருந்த மண் அதிகம் சொல்லும். ஆகையால் முதல் வேலை எடுப்பதன்று, நிறுத்துவது.

முதல் படி: மண்வெட்டியைக் கீழே வையுங்கள்

எலும்பின் ஒரு முனை தெரிந்தவுடன் தோண்டுவதை நிறுத்திவிட்டு, கைப்பேசியில் மூன்று படங்களாவது எடுக்க வேண்டும். ஒன்று, வீட்டுச் சுவரோ வேலியோ தெரியும்படி தூரத்திலிருந்து. மற்றொன்று, குழி முழுவதும் தெரியும்படி. மூன்றாவது, எலும்புக்கு நேர் மேலே, அருகில் ஓர் அளவுகோல் வைத்து. அளவுகோல் கைவசம் இல்லையென்றால் 50 சென் நாணயத்தை வைக்கலாம். 2012இல் வெளியான வரிசையைச் சேர்ந்த அந்த நாணயத்தின் குறுக்களவு 22.65 மில்லிமீட்டர் என்பது எங்கும் மாறாத கணக்கு. கை விரலை அளவுக்கு வைப்பது பயன்படாது, விரல்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும். அதன்பின் ஒரு தாளில் தேதி, ஆழம், மண்ணின் நிறம், உடன் கிடந்த பொருள்கள் ஆகியவற்றை எழுதிவிடுங்கள். எலும்புக்குப் பக்கத்தில் சோடாப்புட்டி மூடியோ நெகிழித்தாளோ கிடந்து, மண்ணும் கலைந்து காணப்பட்டால், அது அண்மையில் நிரப்பிய குழி என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

வெறுங்கையால் தொடாதீர்கள். நமது ஈரமண்ணில் எலிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமிகள் இருக்கின்றன. மண்ணிலிருந்து சிராய்ப்பு வழியாக உடலுக்குள் புகும் மெலியோயிடோசிஸ் என்ற நோயும் மலேசியாவில் உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்கு அது மிகவும் கடுமையாக வரக்கூடும் என்பதால், கையுறையும் காலணியும் இல்லாமல் குழியில் இறங்க வேண்டாம்.

இரண்டாம் படி: மனித எலும்பாக இருக்க முடியுமா?

மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் இதைக் கேட்க வேண்டும். பழைய தோட்டங்கள் பலவற்றில் தோட்டத்துக்கென்றே தனி இடுகாடு இருந்தது. தோட்டம் கைமாறி, பால்மரம் போய் எண்ணெய் தரும் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தபோது, கல்லறைக் கல்லில்லாத குழிகள் எங்கே இருந்தன என்பது முதியவர்களின் நினைவில் மட்டுமே எஞ்சியது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மாண்டவர்களும், 1948இல் இதே சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டதை ஒட்டிப் பிரகடனமான அவசரகாலத்தில் மாண்டவர்களும் எல்லாரும் முறையாக அடக்கம் செய்யப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது. எனவே உங்கள் தாமானின் பழைய கதை தெரிந்த ஒரு தாத்தாவிடம் அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று கேட்பது, எந்தக் கருவியையும்விட விரைவாகப் பலன் தரும்.

உருண்டு வளைந்த மெல்லிய ஓடு, ஒரு முனையில் பந்து போன்ற தலையும் அதைத் தாங்கும் நீண்ட கழுத்தும் கொண்ட, முழங்கை முதல் விரல்நுனி வரையிலான நீளத்தில் ஒரு தொடையெலும்பு, தாழ்ந்த மேடுகள் கொண்ட கடைவாய்ப் பல், நேராக நீட்டிக் கிடத்தியதுபோல் ஒழுங்காகக் கிடக்கும் எலும்புகள், கூடவே வளையல் துண்டோ பொத்தானோ ஆணியோ: இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அதற்கு மேல் தொடக்கூடாது. குழந்தைகளின் எலும்புகள் சிறிய விலங்கின் எலும்புகள் போலவே தோன்றும். கரடியின் பாத எலும்புகளை மனிதக் கை என்று படித்தவர்களே எண்ணியிருக்கிறார்கள். பன்றியின் கடைவாய்ப் பல் தேய்ந்துவிட்டால் மனிதப் பல்லைப் போலவே இருக்கும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கிடைத்த ஒரு பல்லை ஆதிமனிதக் குரங்கின் பல் என்று 1922இல் பெரிய அறிஞர் ஒருவரே அறிவித்தார், அது பன்றியினத்தை ஒத்த பெக்கரி என்னும் விலங்கின் பல் என்று 1927இல் வெளியானது. ஆகவே இந்தப் படியில் நீங்கள் முடிவு சொல்ல வேண்டியதில்லை, சந்தேகம் ஏற்பட்டாலே போதும். குழியை ஒரு பலகையால் மூடி, 999 எண்ணிலோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ சொல்லிவிடுங்கள். பழங்காலத்து எலும்பா, அண்மைக்காலத்து எலும்பா என்று பிரித்தறிவது தடயவியல் மருத்துவர்களின் வேலை.

மூன்றாம் படி: அது எலும்புதானா?

இதை விரைவாகக் கடந்துவிடலாம். பால்மர வேரின் காய்ந்த துண்டு, மண்ணுக்குள் இறுகிப்போன ஒட்டுப்பால், உடைந்த பீங்கான் மங்கின் (கிண்ணத்தின்) விளிம்பு, சுண்ணாம்புக் கல், பழைய நீர்க்குழாய் என இவை எல்லாமே எலும்பென்று என்னிடம் வந்திருக்கின்றன. உடைந்த முகப்பைப் பாருங்கள். எலும்பாக இருந்தால் வெளியே கெட்டியான ஒரு சுவரும், உள்ளே கடற்பஞ்சு போன்ற வலைப்பின்னலோ வெறும் குழலோ தெரியும். மரத்தில் நார் ஓடும், கல்லில் மணி மணியாக இருக்கும், பீங்கானில் பளபளப்பு மேல்தோல் போல ஒட்டியிருக்கும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கடலடியில் படிந்தது. குவாரியிலிருந்து கொண்டுவந்து சாலையோரத்தில் கொட்டிய கல்லில், நடுவில் துளையுள்ள சிறு வட்டுகள் நாணயக் கட்டுப்போல அடுக்கி இருந்தால், அவை மீனின் முதுகெலும்பு அல்ல. கடல் லில்லி எனப்படும் உயிரினத்தின் தண்டுத் துண்டுகள். அவை உண்மையான புதைபடிவங்களே, அதாவது கல்லாகிப்போன பழங்கால உயிரின் மிச்சங்களே, ஆனால் எலும்பு அல்ல.

நான்காம் படி: பழையதா, புதைபடிவமா?

இங்குதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் புதைபடிவம் என்று எண்ணிவிடுகிறார்கள். நிறம் வயதைச் சொல்லாது, மண்ணைத்தான் சொல்லும். இரும்புச் சத்து மிகுந்த செம்மண்ணில் சில ஆண்டுகள் கிடந்த கோழியெலும்புகூடத் தேநீர் நிறம் ஏறிவிடும். மாங்கனீசு உள்ள இடத்தில் கறுத்துவிடும்.

எலும்பு என்பது கால்சியம் பாஸ்பேட் என்ற கனிமமும் கொலாஜன் என்ற புரதமும் பின்னிக்கிடக்கும் பொருள். நம்முடைய வெப்பத்திலும் ஈரத்திலும் கொலாஜன் சீக்கிரம் சிதைகிறது. தோட்டத்து மண்ணின் புளிப்புத்தன்மை கனிமத்தையும் கரைக்கிறது. ஆண்டு முழுதும் மழை கொட்டும் நாட்டில், பலமுறை உரமிட்ட செம்பனை நிலத்தில், திறந்த மண்ணில் கிடந்த எலும்பு பல நூற்றாண்டுகள் தாங்குவது அரிது. உங்கள் கொல்லையில் இரண்டடி ஆழத்தில் கிடைத்தது உங்கள் பாட்டனார் காலத்து மாடு என்று எண்ணிக்கொண்டு தொடங்குவதே நியாயம்.

பிறகு பழைய எலும்புகள் எங்கேதான் கிடைக்கின்றன? புளிப்பை முறிக்கும் சுண்ணாம்பு இருக்கும் இடத்தில். பேராக்கிலுள்ள லெங்கோங்கின் குனோங் ருந்து குகையில் 1991இல் தோண்டியெடுத்த, ‘பேராக் மனிதன்’ என்று பெயர்பெற்ற எலும்புக்கூட்டுக்கு உரியவன் சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவன். சுண்ணாம்புக் குகையில் கிடந்ததால் அவன் எலும்புகள் தப்பின. செபராங் பிறையிலுள்ள குவார் கெப்பாவில் சிப்பி ஓடுகள் குவிந்த மேட்டில் மனித எலும்புகள் பிழைத்ததும் அதே காரணத்தால்தான். ஈப்போவுக்கு அருகில் ஈயம் எடுத்த சுண்ணாம்புக் குகையிலிருந்து ஆதிகால விலங்குகளின் எலும்பும் பல்லும் கிடைத்திருக்கின்றன. நாம் காவடி எடுத்துச் செல்லும் பத்துமலையின் குகைப்படிவுகளில் ஒராங்ஊத்தானின் பற்கள் கிடைத்ததை ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டார்கள். இன்றைக்குத் தீபகற்ப மலேசியாவின் காட்டில் அந்த விலங்கு இல்லை. ஆகவே உங்கள் வீடு சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்திலோ பழைய ஈயக்குட்டையின் கரையிலோ இருந்தால், கிடைத்த துண்டைச் சற்று மரியாதையோடு நடத்துங்கள். செம்பனைச் சமவெளியில் என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கையால் பார்க்கும் சோதனைகள் சில உண்டு. முதலாவது எடை. துளைகளில் கனிமம் ஏறிய படிவம் அதே அளவுள்ள சாதாரண எலும்பைவிடத் தெளிவாகக் கனக்கும். இரண்டாவது ஓசை. பீங்கான் தட்டின்மேல் மெதுவாகத் தட்டினால் படிவம் கல்லைப்போல ‘டிங்’ என்று ஒலிக்கும், சாதாரண எலும்பு மரக்கட்டையைப்போல மந்தமாக ஒலிக்கும். மூன்றாவது ஒளி. பணத்தாளைச் சோதிக்கும் புற ஊதாக் கைவிளக்கை இருட்டறையில் பிடித்தால், கொலாஜன் நிறைந்த புதிய எலும்பு நீலவெண்மையாக ஒளிரும், பழையது மங்கிவிடும். நான்காவது, சூடான ஊசியால் தொட்டு மயிர் கருகும் வாடை வருகிறதா என்று பார்ப்பது. வாடை வந்தால் கொலாஜன் இன்னும் மிஞ்சியிருக்கிறது, படிவமாக இருக்க வாய்ப்புக் குறைவு. வராவிட்டால் கொலாஜன் போய்விட்டது என்பது மட்டுமே தெரியும், படிவம் என்றாகிவிடாது. பொருளைச் சேதப்படுத்தும் இந்தச் சோதனையை உதிர்ந்த துகளில் மட்டுமே செய்யலாம். நாக்கில் ஒட்டுகிறதா என்று பார்க்கும் பழைய முறையும் உண்டு. துளையுள்ள எதுவும் நாக்கில் ஒட்டும், உடைந்த மண்சட்டியும் ஒட்டும். மேலே சொன்ன நோய்களை நினைத்து அதை விட்டுவிடுங்கள்.

இந்தச் சோதனைகளில் ஒன்றுகூடத் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. மூன்று நான்கு ஒரே பக்கம் சாய்ந்து, கிடந்த இடமும் அதற்கு ஒத்துப்போனால்தான் புதைபடிவமோ என்று சந்தேகப்பட வேண்டும்.

ஐந்தாம் படி: எந்த விலங்கு?

பல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. உடம்பில் மிகக் கடினமான பகுதி பல்லின் மேற்பூச்சுதான். எலும்பு கரைந்தபின்னும் பல் நிற்கும். நமது பகுதிக் குகைகளில் கிடைக்கும் படிவங்களில் பெரும்பாலானவை தனித்த பற்களே. முள்ளம்பன்றிகள் எலும்பைக் குகைக்கு இழுத்துச் சென்று கொறித்ததால், அந்தப் பற்களுக்குப் பெரும்பாலும் வேர் இருப்பதில்லை.

மாடு, ஆடு, மான் ஆகியவற்றின் கடைவாய்ப் பல்லை மேலிருந்து பார்த்தால் பிறைநிலா வடிவில் மடிப்புகள் ஓடும். இவற்றுக்கு மேல்தாடையின் முன்பக்கத்தில் வெட்டுப்பல்லே கிடையாது. மேல்தாடையின் முன்பகுதி வெறுமையாக இருந்தால் அதுவே பெரிய துப்பு. பன்றிப் பல்லில் வட்டவட்டமான குமிழ்கள் குவிந்திருக்கும், அதன் வாயில் மொத்தம் நாற்பத்து நான்கு பற்கள் உண்டு. நாயின் கன்னப்பல் கத்தரிக்கோல்போல் கூரிய விளிம்புடையது. எலி, அணில், முள்ளம்பன்றி ஆகியவற்றின் முன்பல் உளிபோல வளைந்து, முகப்பில் ஆரஞ்சு நிறம் பூசியிருக்கும். சருகுமானின் மேல்தாடையில் மெல்லிய நீண்ட கோரைப்பல் உண்டு. அதைப் பூனையின் பல் என்று நினைத்துவிடாதீர்கள். குறுக்கே வரிசை வரிசையாகத் தகடுகள் அடுக்கிய, ஒரு செங்கல் அளவுள்ள கட்டி கிடைத்தால் அது யானையின் பல்.

பல் இல்லையென்றால் ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். அதற்கு அருங்காட்சியகம் தேடிப் போக வேண்டாம், அடுக்களையே போதும். அடுத்த முறை ஆட்டுக்கால் சூப் வைக்கும்போது எலும்புகளை எறியாமல், சோப்பு நீரில் ஊறவைத்துக் கழுவி, நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். குளம்புக்கு மேலுள்ள நீள எலும்பைக் கையிலெடுத்தால், முன்பக்கம் நெடுகிலும் ஒரு வாய்க்கால் ஓடுவதையும், கீழ்முனையில் இரண்டு கப்பிகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதையும் காணலாம். இரண்டு எலும்புகள் ஒன்றாக இணைந்ததன் அடையாளம் அது. இதே அமைப்பு பெரிதாக இருந்தால் மாடு அல்லது கடமான். பன்றிக்கு அந்த இடத்தில் இணையாத தனித்தனி எலும்புகள் இருக்கும். இளங்குட்டியின் எலும்பை வேகவைத்தால் முனையிலுள்ள தொப்பி கழன்று வந்துவிடும். மண்ணிலும் அவ்வாறே கழன்று, மொட்டையான முனைகள் கிடைக்கும். அதைக் கண்டு விசித்திர விலங்கென்று மயங்க வேண்டாம். கோழியெலும்பு மெலிந்த சுவரும் வெற்றுக் குழலுமாக, கையில் எடையே தெரியாமல் இருக்கும். சேவலின் கால் எலும்பில் முள் துருத்தியிருக்கும். ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் உருண்டையுமாக, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் நூற்றுக்கணக்கான சிறு முள்ளெலும்புகள் சிதறிக் கிடந்தால் அது மலைப்பாம்பு. அடிப்பக்கம் வாய்க்கால் வெட்டிய, விரல்நீளக் குச்சி போன்ற ஓர் எலும்பு பலரைத் திகைக்க வைக்கிறது. அது ஆண் நாயின் குறியெலும்பு.

கொம்பிலும் வேறுபாடு உண்டு. மாட்டுக்கும் ஆட்டுக்கும் எலும்பு முளையின்மேல் உறைபோல் செருகிய கொம்பு. மானுக்கு உள்ளீடு கெட்டியான, கிளைவிட்டு உதிரும் கொம்பு.

ஆடா செம்மறியா, மாடா எருமையா, வீட்டுப்பன்றியா காட்டுப்பன்றியா என்பதை ஒரு துண்டெலும்பை வைத்துக்கொண்டு துணிந்து சொல்லாதீர்கள். ‘ஆட்டின் அளவுள்ள குளம்பு விலங்கு’ என்று எழுதுவது அறியாமையன்று, அதுதான் சரியான பதில்.

ஆறாம் படி: எலும்பின்மேல் உள்ள தழும்புகள்

நேரான, ஒன்றுக்கொன்று இணையான நுண்கோடுகளோடு தட்டையாக அறுபட்ட முகம் இருந்தால், இறைச்சிக் கடையின் மின்வாள் பட்டிருக்கிறது. கதை அங்கேயே முடிந்தது. பாராங் என்னும் நீண்ட வெட்டுக்கத்தியின் வெட்டு ஆழமான ஆப்பு வடிவில் இருக்கும். எலி கொறித்த இடத்தில் சோடி சோடியாகக் கோடுகள் ஓடும். நாய் மென்ற எலும்பின் இரு முனைகளும் பிய்ந்து, குழிகள் விழுந்திருக்கும். புழு ஊர்ந்ததுபோல் நெளிந்தோடும் கோடுகளை எழுத்து என்று நினைத்த ஒருவர் அதைப் பூசையறையில் வைத்து மஞ்சள் குங்குமம் இட்டிருந்தார். அது புல்வேரின் அமிலம் அரித்த தடம். நெருப்பில் பட்ட எலும்பு முதலில் கறுத்து, மேலும் வெந்தால் சாம்பல் நிறமாகிக் கடைசியில் வெளுத்துவிடும்.

ஏழாம் படி: வைப்பதும் தெரிவிப்பதும்

பழமையானது என்ற ஐயம் இருந்தால் கழுவ வேண்டாம். மென்மையான தூரிகையால் தளர்ந்த மண்ணை மட்டும் தட்டிவிட்டு, வெயில் படாத இடத்தில் மெல்ல உலரவிட்டு, தாளில் பொதிந்து அட்டைப்பெட்டியில் வையுங்கள். நெகிழிப் பையில் கட்டினால் பூசணம் பிடிக்கும். பசை, வார்னிஷ், புளித்தண்ணீர், காடி எதுவும் கூடாது. நான் ஒருமுறை வெள்ளையாக்கும் ஆசையில் வெளுப்பு மருந்தில் ஊறவைத்த தாடையெலும்பு மறுவாரம் விரலிடையில் மாவாக உதிர்ந்தது, தவறு என்னுடையதே.

தந்தமோ புலிப்பல்லோ போலத் தோன்றுவதை வைத்துக்கொள்வதும் விற்பதும் சிக்கல். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாக்கப்பட்ட விலங்கின் உடற்பகுதியை உரிமமின்றி வைத்திருப்பதைத் தடை செய்கிறது. பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையின் அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். தொன்மையானது என்று நம்பக் காரணம் இருந்தால், 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிப்பது கண்டெடுத்தவரின் கடமை. சுங்கை சிப்புட்காரர்களுக்கு மாவட்ட அலுவலகம் கோலகங்சாரில் இருக்கிறது. இந்நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகம், 1883இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகம், தைப்பிங்கில் உள்ளது. கல்லும் படிவமும் பார்க்க வேண்டுமானால் ஈப்போவிலேயே புவியியல் அருங்காட்சியகம் இருக்கிறது. முதலில் எலும்பைத் தூக்கிக்கொண்டு போகாமல், முதற்படியில் எடுத்த மூன்று படங்களையும் எழுதி வைத்த குறிப்பையும் அனுப்புங்கள். அவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி எலும்பைப் பற்றியதாக இருக்காது, குழியைப் பற்றியதாகவே இருக்கும். ஆகையால் பதில் வரும்வரை அதை மண்போட்டு நிரப்பாமல், மழைத்தண்ணீர் இறங்காதபடி ஒரு தகரத்தால் மூடி வையுங்கள்.